மஞ்சள் சிவக்காத கும்மாயம்

அந்தச் சுவர் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். திறப்பு விழாவுக்குப் பதினோரு நாள் முன்பே தெரியும். நான் சொன்னேன். ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டினேன். நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள், பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினீர்கள்.

வாசகர்கள் மன்னிக்கவும். போன வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு கண்டக்டரோடு நான் போட்ட சண்டையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே நிற்கட்டும். செவ்வாய்க்கிழமை போடிமெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. அதற்கப்புறம் பஸ் சண்டை எழுதக் கை வரவில்லை.

இந்த வாரம் எழுதுவது ஒரே ஆளுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள். டிசைனர் என்றே எழுதுகிறேன். பாலக்காட்டில் பிறந்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். வாசிக்கட்டும்.

இலைப் படம்

போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் ரோடு வளைந்து இறங்குகிற இடத்தில் ஓர் ஏலத் தோட்டம். தொழிலாளர் குடியிருப்புக்கு மேலே, அவர்கள் பிள்ளைகளுக்காக ஓர் அங்கன்வாடி. மண் கட்டிச் சுவர், பழைய ஓட்டுக் கூரை, ஒரு கரண்டி சிமெண்ட் கூடக் கிடையாது. வாசலில் அப்படித்தான் பலகை வைத்திருந்தார்கள். வரைந்தவர் டிசைனர். கட்டி அழுத்தியதும் சுவர் எழுப்பியதும் நானும், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து என்னோடு வந்த நாலு பெண்களும்.

இரண்டு மழைக்கு முந்தைய மே மாதம். சுவர் முடிந்து ஓடு ஏறிவிட்டது. காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகவில்லை. ஜெபக்கனி டீச்சர் வந்தார். அந்த அங்கன்வாடியின் டீச்சர் அவர்தான். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அ, ஆ படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்க்க வந்தவர், மிச்சக் கட்டிகளின் மேல் நாங்கள் நனைத்துப் போர்த்தியிருந்த சாக்குகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏக்கா, இந்தச் சாக்கு எங்க கெடச்சது?"

"கும்மாயம் வந்த சாக்குங்க டீச்சர். கட்டி காயாம இருக்கப் போத்தி வெச்சிருக்கறோம்."

"கும்மாயமா? இது எங்க ஏலத் தூருக்குப் போடுததுல்லா. எங்கப்பா வருஷா வருஷம் இதே சாக்கத்தான் தூக்கிட்டு வருவாவ. படத்தப் பாருங்க, எல போட்டிருக்கு."

சாக்கில் ஒரு பச்சை இலை. அந்த இலையை நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசுமைக் கட்டடம் என்கிறார்கள், அதனால் சாக்கிலும் பச்சை இலை அச்சடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் டிசைனர் எழுத மாட்டார்.

கையுறையைக் கழற்றினேன். கையை நனைத்துச் சாக்கின் அடியில் ஒட்டியிருந்த பொடிக்குள் விட்டேன். எண்ணிப் பார்த்தேன். நூறு வரைக்கும் எண்ணியும் கை எரியவில்லை.

ஒரு சொல், இரண்டு பொடி

கும்மாயம் என்றால் சுண்ணாம்பு. மலையாளச் சொல். பாலக்காட்டுக் கொத்து வேலையில் கும்மாயம் என்றால் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. சுவருக்கு ஆகிறது. மண்ணோடு கலந்தால் மெல்ல மெல்லப் பிடித்துக் கல்லாகும்.

ஏலமலையில் கும்மாயம் என்றால் வேறு. சுண்ணாம்புக் கல்லைச் சுடாமல் அப்படியே அரைத்த பொடி. மழை அடித்துப் புளித்துப்போன மண்ணில் போட்டால் செடி தேறும். சுவருக்கு அது முகத்துக்குப் பவுடர் பூசுவதைப் போலத்தான். மழையில் பவுடர் நிற்குமா?

டிசைனர் சாமான் பட்டியலில் கும்மாயம் என்று எழுதினார். தோட்டத்து ஸ்டோரில் கும்மாயம் கொடுத்தார்கள். நான் கும்மாயம் என்று இறக்கினேன். மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை.

பின்னால் ஸ்டோர் பாப்பச்சன் சேட்டனிடம் போய்க் கேட்டபோது அவர் பட்டியல் சீட்டையே எடுத்துக் காட்டினார். "எழுதித் தந்தது கும்மாயம். நான் கொடுத்தது கும்மாயம். இவிடெ வேற கும்மாயம் இல்ல. பின்னே எந்தா பிரஸ்னம்?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செடிக்காரர்.

கையுறை

நான் எப்படிக் கண்டுபிடிக்காமல் விட்டேன்?

எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல். மழையில் பொம்மும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் கட்டிய சிமெண்ட் வீடுகளெல்லாம் மூலைக்கு மூலை விரிசல் விட்டுக் கிடக்கும். எங்கள் குழுவுக்கு மண் கட்டி அழுத்தும் மெஷின் வந்தபோது ஊரே சிரித்தது. ஏனுங், திரும்பக் குடிசைக்கே போறீங்களா என்று கேட்டார்கள். மேல்மண்ணைத் தள்ளி, அடிமண்ணை எடுத்து, உருட்டிக் கயிறாகத் திரித்துப் பார்த்து, பாட்டிலில் குலுக்கி மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று படிய விட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். கரிசலுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு கேட்கும் என்று கட்டி கட்டியாகக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். இன்று அந்த ஊரில் நான் கட்டிய வீடுகளில் விரிசல் தேடி வாருங்கள், சோறு போடுகிறேன்.

அந்த வருஷங்கள் முழுக்க என் விரல் நுனியில் தோல் இருந்ததில்லை. சுண்ணாம்பு தின்றுவிடும். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மெஷின் என்னை யாரென்றே கேட்கும்.

மலையில் வேலை தொடங்கிய அன்று டிசைனர் எங்களுக்குக் கையுறை கொடுத்தார். நீல நிறம். போட்டுக்கொண்டு வரிசையாக நில்லுங்கள் என்று போட்டோ எடுத்தார். என்னோடு வந்த தங்கமணி, "ஏனக்கா, கைக்குக் கல்யாணம் பண்றாங்களா?" என்று கேட்டாள். சிரித்தோம். அந்தக் கையுறையோடுதான் மூன்று மாதம் கலந்தோம். கை எரியவில்லை. கையுறை நல்ல கையுறை என்று பேசிக்கொண்டோம்.

கட்டி மெதுவாகத்தான் இறுகியது. குளிர் ஊரில் சுண்ணாம்பு மெல்லப் பிடிக்கும், எனக்குத் தெரியும். அதனால் குளிர்மேல் பழி போட்டேன். ஒவ்வொரு வேலையிலும் முதல் கட்டிகளில் ஒன்றை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்ப்பேன். இங்கே, "தேதி குறிச்சாச்சு, சுவர ஏத்துங்க" என்றார்கள். ஏற்றினேன். அது என் தப்பு. யாரும் என் கையைக் கட்டி வைக்கவில்லை.

தட்டு

டீச்சரிடம் மஞ்சள் பொடி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் குடியிருப்புக்கு இறங்கிப்போய் ஒரு தட்டும் மஞ்சளும் கொண்டுவந்தார். தட்டில் இரண்டு ஓரத்திலும் மஞ்சளைக் கரைத்தேன். தங்கமணி மடியிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஒரு பக்கம் தொட்டு வைத்தேன். சாக்குப் பொடியை மறுபக்கம் போட்டுக் குழைத்தேன்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பக்கம் இரத்தமாகச் சிவந்தது. சாக்குப் பக்கம் மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. கொஞ்சம் அழுக்கேறிய மாதிரி ஆனது, அவ்வளவுதான்.

"ஆரத்தி கரைச்சாத் தெரிஞ்சுருமே டீச்சர். உங்க ஆளுங்களுக்கு ஆரத்தி கெடையாதுங்களா?"

"கல்யாண வீட்டுல கரைப்போம்க்கா. பாஸ்டர் அந்தப் பக்கம் திரும்புத நேரமாப் பாத்து." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப சுவத்துக்குள்ள என்னதான் இருக்கு?"

"மண்ணுங்க. அழுத்துன மண்ணு."

"பதினாறு பிள்ளைய இருக்குக்கா."

அப்போதுதான் டிசைனரின் கார் வந்தது.

"இதென்னக்கா, பூஜையா?"

நான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். சாக்கைக் காட்டினேன், தட்டைக் காட்டினேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கூரையின் இறவாரம் குட்டை. மூன்றடி நீட்டுங்கள் என்று நான் முதலிலேயே கேட்டிருந்தேன். நீட்டினால் சுவரின் அழகு படத்தில் தெரியாது என்று ஒரு சாணோடு வெட்டியவர் அவர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் சுவரில் பட்டு, பட்ட இடம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மஞ்சப்பொடிய வெச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாதுக்கா. அதுக்கெல்லாம் லேப் இருக்கு."

"லேபுக்கே அனுப்புங்க சார். ரிசல்ட் வர்ற வரைக்கும் தொறக்காதீங்க."

"உத்காடனத்துக்கு, தொறப்பு விழாவுக்கு, ஆள் விளிச்சாச்சு. பத்திரிகைக்காரங்க வராங்க."

"வரட்டுங்க. சுவத்த எறக்கிட்டு மறுபடி ஏத்தறனுங்க. நாங்களே ஏத்தறோம். எங்களுக்கு ஒண்ணுமே குடுக்க வேண்டாமுங்க."

"மண் வீட இடிச்சா ஊர் என்ன சொல்லும்னு தெரியுமா? மண்ணு ஆகாதுன்னு சொல்லும். நம்ம ரெண்டு பேர் பொழப்பும் போகும்."

"விழுந்தா மட்டும் என்ன சொல்லுமுங்க?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்றைக்கு மத்தியானமே மிச்சக் கட்டியில் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டேன். மறுநாள் காலையில் வாளிக்குள் கட்டி இல்லை. அடியில் சேறு, மேலே கலங்கல் தண்ணீர். போட்டோ எடுத்து அவர் போனுக்கு அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அந்தக் கட்டைவிரல் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

நிக்கி

மூன்றாம் நாள் பெயிண்ட் வந்தது. தண்ணீர் ஒட்டாத பெயிண்ட், டிரம் டிரம்மாக. மண் சுவர் மூச்சு விடும் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தார்கள். அந்த மூக்கையும் வாயையும் சேர்த்து அடைத்தார்கள். பளபளவென்று இருந்தது. விழாவுக்கு வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்களாம்.

நான் விழாவில் இல்லை. கட்டி மெஷினைக் கழற்றிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்கு இறங்கிவிட்டேன். அங்கேயே நின்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. டீச்சரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்: பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்காதீங்க.

பெரிய பெரிய ஆட்கள் கேட்காததை ஜெபக்கனி டீச்சர் கேட்டார். விழா முடிந்த மறுநாள் பதினாறு பிள்ளைகளையும் சர்ச் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். புதுக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. சூப்பர்வைசர் அம்மா வந்து மெமோ கொடுத்தார்.

ஜூன் மாதம் மழை தொடங்கியது. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான். துணி காய்ந்து பறக்கும். இங்கே வெயிலில் நின்றுகொண்டு நான் மலைக்குப் போன் போடுவேன்.

"மழைங்களா டீச்சர்?"

"விடாம."

"சுவரு?"

"நிக்கி."

தினமும் இதே பேச்சு, நிற்கிறது என்று இதே பதில். ஒரு நாள் அவரே சொன்னார்: "மெமோவ பைபிளுக்குள்ள வச்சிருக்கேன்க்கா. சுவரு விழலன்னா நான் பொய்க்காரி. விழணும்னு ஜெபம் பண்ணவும் முடியல. என்னத்தக் கேக்கதுன்னே தெரியாம முழங்கால்ல நிக்கேன்."

நானும் அப்படித்தான் இருந்தேன். என் கையால் எழுப்பிய சுவர். அது நிற்க வேண்டும் என்று ஒரு மனசு. நின்றால் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிடுவார்களே என்று ஒரு மனசு.

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் புதுக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் டீச்சருக்கு வேலை இல்லை. நான் டிசைனருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

சனிக்கிழமை டீச்சர் கட்டடத்தைக் கூட்டப் போனார். மேற்குப் பக்கச் சுவரின் அடியில் பெயிண்ட் வயிறு மாதிரி உப்பியிருந்தது. விரலால் தொட்டார். விரல் உள்ளே போனது. கணு வரைக்கும் போனது.

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தார். பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தாராம். மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவர் இறங்கியது. வெடிக்கவில்லை, சாயவில்லை. மூட்டையை இறக்கி வைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. மேலே இருந்த உத்திரமும் ஓடும் உள்ளே இறங்கின. அ, ஆ படம் மாட்டியிருந்த பக்கம்தான்.

போனில் டீச்சர் அழவில்லை. "திங்கக்கெழம இல்லக்கா. சனிக்கெழம," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

படத்தில் நான்

அதற்கப்புறம் நடந்ததை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். வேலையாட்களின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எந்த வேலையாள் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, ஐந்தே பேர்தான் நாங்கள். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய மூன்று வீட்டு வேலை வராமல் போனது. மண் கட்டியா, அந்த மலையில் விழுந்ததே அந்த மாதிரியா என்று கேட்டார்கள். விழுந்தது மண்ணால் இல்லை என்று எத்தனை பேரிடம் நான் போய்ச் சொல்வது? மண்ணுக்கு வாய் இல்லை. அதனால் எல்லாரும் அதன்மேல் போடுகிறார்கள்.

இந்த மாதம் ஒரு வீடியோ என் போனுக்கு வந்தது. பெரிய ஹால், குளிர் மெஷின், மேடையில் டிசைனர். பின்னால் திரையில் உட்கார்ந்த சுவரின் படம். அடுத்த படம், நீலக் கையுறை போட்டு வரிசையில் நிற்கும் நாங்கள். "நல்ல டிசைன் மட்டும் போதாது. தொழிலாளிக்குப் பயிற்சி வேணும். அதுதான் நான் கற்ற பாடம்," என்றார். கை தட்டினார்கள்.

அதையும் விட்டிருப்பேன். என் பெயருக்காக இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை

போனில் ஜெபக்கனி டீச்சர்.

"ஏக்கா, அந்த மிச்சக் கட்டி ஞாபகம் இருக்கா? தார்ப்பாய் போட்டு மூடிக் கெடந்துச்சே."

"இருக்குதுங்க."

"ஜீப்புல ஏத்துதாவ. ரெண்டு வளைவு கீழ புதுசா அங்கன்வாடி கட்டுதாவல்லா, அங்க. எறக்கி அடுக்கி வச்சிருக்காவ. நான் போய்ப் பாத்துட்டுதான் பேசுதேன்."

"அதே கட்டிதானுங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

"மேல போத்தியிருக்க சாக்குல எல இருக்குக்கா."

புதுக் கட்டடத்தை வரைந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நீங்கள்தான்.

அங்கே எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். இருபத்திரண்டு. அங்கே டீச்சர் ஜெபக்கனி இல்லை. போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணாம். மெமோ வந்தால் பயந்துவிடும் வயசு.

உங்களுக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன். இந்தத் தடவை கட்டைவிரல் கூட வரவில்லை.

அதனால் எல்லாரும் பார்க்கும்படி கேட்கிறேன். பட்டியலில் எழுதிய சொல் எப்படிப் பிசகியது என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தப் பிசகில் எனக்கும் பங்கு உண்டு, மேலே எழுதியிருக்கிறேன். தெரிந்த பிறகு பெயிண்ட் அடித்ததையும் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்.

இலைச் சாக்குக்கு அடியில் இருக்கும் கட்டியில் ஒன்றை நீங்களே உங்கள் கையால் எடுங்கள். கையுறை வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் காலையில் அதே ஆட்களை வைத்துக்கொண்டு வாளிக்குள் கையை விடுங்கள். வாளி இல்லையென்றால் சொல்லுங்கள், நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொண்டுவருகிறேன்.

அந்தக் கட்டிக்குள் இருப்பது எந்தக் கும்மாயம், சார்? சுவருக்கு உள்ளதா, செடிக்கு உள்ளதா?

ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். முதல் வரிசைக் கட்டி ஏறுவதற்கு முன்னால் சொல்லுங்கள். போனில் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.